நன்னாரி வேரும் அதன்கண் நிகழ்ந்த திரிபுகளும்

திருவண்ணாமலை நகரினின்றும் செங்கத்திற்குச் செல்லும் பெருவழியில் ஒரு கல்லுக்குச் சிறிது மிகுதியாகச் செல்லின், மலையின் தென்சாரலிற் பாலிதீர்த்தத்தின் மருங்கே இரமணாசிரமம் அமைந்திருத்தலைக் காணலாம். 1896-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் முதல்நாள் அண்ணாமலையை அடைந்த இரமண முனிவர், மலைமேல் விரூபாட்ச குகையிலும் கந்தாசிரமத்திலும் பல்லாண்டு வைகி, 1922-ஆம் ஆண்டில் தம் அன்னையாரின் சமாதி அமைந்த அவ்விடத்திற்கு இறங்கி வந்தமையால் அவ்வாசிரமம் தோன்றிற்று. அவர் இயற்றிய அட்சரமணமாலை இம்மலையை மருந்து மலையெனப் போற்றுகின்றது. பிறவிப் பிணிக்கு மருந்தென்னுங் கருத்தாற் கூறப்பட்ட அவ்வுரையை, உடற்பிணிக்கு உதவும் மூலிகைகள் செறிந்த மலையென்னுங் கருத்தாற் கொள்வாரும் உளர். கொள்வார் கருத்து எதுவாயினும், இம்மலைச் சாரலிலும் இதனைச் சூழ்ந்த புதர்க்காடுகளிலும் மருந்துக்குரிய செடி கொடிகள் பல உள என்பது உண்மையே. அவற்றுள் ஏழை செல்வர் அனைவர்க்கும் தெரிந்த பெயருடையது நன்னாரி.

ஏறக்குறைய 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையை வெயிலிற் சுற்றி வருவார், நீர்வேட்கை தணிதற்பொருட்டு நன்னாரி மணப்பாகு கலந்த நீரை வாங்கிப் பருகுதல் வழக்கம். பருகுவாரை இஃது யாதென வினவின் நன்னாரி என்பர். விற்பாரும் அவ்வாறே கூறுவர். ஆயினும் அக்கலத்திலுள்ளது நன்னாரி வேரின் சாறேயோ, வேறொரு வேரின் சாறோ, வேரே இல்லாத செயற்கை மணமோ என்பது, அதன் பெயரைக் கேட்ட அளவில் துணியத் தக்கதன்று.

சைவ சித்தாந்த அளவை நூலார் மெய்யான காட்சியை ஐயக்காட்சி, திரிவுக்காட்சி என்னுங் குற்றங்களினின்றும் பிரித்து உணர்த்துவர். தொலைவில் நிற்பது குற்றியோ மகனோ என இருதலையாக எண்ணுதல் ஐயம். கிடந்த பழுதையைப் பாம்பெனத் துணிந்துவிடுதல் திரிபு. இவ்விரண்டனுள் திரிபே கொடிது. ஐயமுடையான் அருகிற் சென்று ஆராய்வான். திரிபுடையானோ முன்னரே துணிந்துவிட்டமையின் ஆராயான். நன்னாரியின் வரலாற்றில் இத்தகைய திரிபு மும்முறை நிகழ்ந்துள்ளது. அவ்வேர் உலகப் புகழ் எய்தியதும், பின்னர் அப்புகழை இழந்ததும், இக்காலத்தே அங்காடியிற் பெயர்மாறி நிற்பதும் ஆகிய மூன்றற்கும் அத்திரிபுகளே காரணமாயின. அவற்றை முறையே ஆராய்வாம்.

வேரின் இயல்பும் பெயரும்

நன்னாரி மெல்லிய கொடி. நிலத்திற் படர்ந்தும் அருகிலுள்ள புதரைச் சுற்றியும் வளர்வது. இலைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே அமைந்தவை. ஒரே கொடியிற்றானே சில இலைகள் ஊசிபோல் ஒடுங்கியும், சில அகன்றும் இருத்தல் உண்டு. இலையின் நடுநரம்பை ஒட்டி வெண்ணிற வரி ஓடுதல் பெரும்பாலும் காணப்படும். கிள்ளினால் வெண்பால் கசியும். மலர்கள் மிகச் சிறியன; புறத்தே பசுமையும் அகத்தே கருஞ்சிவப்பும் உடையன. காய்கள் மெலிந்து நீண்டு இரண்டிரண்டாக விரிந்து நிற்கும். முதிர்ந்து வெடிக்குங்கால் பட்டுப்போன்ற மயிர்க்குஞ்சத்தையுடைய விதைகள் காற்றிற் பறக்கும். வேர் கம்பிபோல் நீண்டு ஆழ்ந்து செல்வது. விரற்பருமனுக்கு மேற்படுதல் அரிது. மேற்பட்டை கருங்கபில நிறமுடையதாய், நெடுக்கே வரிகளும் குறுக்கே வெடிப்புக்களும் பொருந்தி, உள்ளிருக்கும் கட்டையினின்றும் எளிதிற் கழலும். மணமும் மருந்தாற்றலும் அப்பட்டையிலேயே மிகுதி.

நாறுதல் என்னுஞ் சொல் நன்மணம் வீசுதலைக் குறித்துப் பழைய வழக்கில் நின்றமையின், நன்னாறி என்பதே நன்னாரி என மருவிற்று என்பாரும் உளர். நறுநீண்டி, பாதாளமூலி, அங்காரிமூலி, பாற்கொடி, சுகந்தி என்பன தமிழ் மருத்துவ நூல்கள் இதற்கு வழங்கும் பிற பெயர்களுட் சில. நறுநீண்டி என்பது மணத்தையும் நீளத்தையும், பாதாளமூலி என்பது வேரின் ஆழத்தையும், பாற்கொடி என்பது பாலையும் சுட்டுதலை நோக்குக. இப்பெயர்கள் அனைத்தையும் ஒருங்கு வைத்து நோக்கின் கொடியின் உருவம் கண்முன் நிற்கும். ஒன்றனை மட்டும் பற்றின் வேறு பலவும் அப்பெயர்க்கு உரியவாய் வந்து புகும். மணமும் பாலும் உடைய கொடிகள் உலகத்து ஒன்றல்ல.

வடநூலார் இதனைச் சாரிபா எனவும் அனந்தமூலம் எனவும் வழங்குவர். அவர் சாரிபையை வெண்மை, கருமை என இருவகையாகப் பிரித்தனர். வெண்சாரிபை நன்னாரியே என்பதில் இக்கால ஆயுர்வேத மருந்துநூல் உடன்படுகின்றது. கருஞ்சாரிபை யாதென்பதிலோ மருத்துவர் ஒருமனப்படவில்லை. வெவ்வேறு நாட்டார் வெவ்வேறு கொடிகளை அப்பெயராற் கொள்வர். ஆகவே பெயர் ஒன்றாயிருக்கப் பொருள் பலவாதல் என்னும் இடர் அயல்நாட்டார் வருகைக்கு முன்னரே இந்நாட்டில் இருந்தது என்க.

பண்டை மருத்துவ வழக்கு

சரக நூலுட் சாரிபை சுரம் தணிப்பனவற்றுள்ளும், எரிவு தணிப்பனவற்றுள்ளும், தாய்ப்பாலைத் தூய்மை செய்வனவற்றுள்ளும், குரலுக்கு நலஞ்செய்வனவற்றுள்ளும் வைத்து எண்ணப்பட்டது. சுசுருத நூல் சாரிபையை முதலாக வைத்தே ஒரு மருந்துத் தொகுதிக்குப் பெயரிட்டு, சந்தனம், அதிமதுரம், இலாமிச்சை முதலியவற்றை அதனொடு கூட்டி, நீர்வேட்கைக்கும் பித்த சுரத்திற்கும் எரிவுக்கும் உரியதாக்கிற்று. அந்நூலே கொடிகளின் வேர் ஐந்தனைத் தொகுத்துக் கூறுமிடத்தும் சாரிபையைச் சேர்த்துள்ளது.

தமிழ் மருத்துவரும் பெரும்பாலும் அவ்வழியே சென்றனர். பித்தமிகுதி, உடற்சூடு, நீர்வேட்கை, நீர்ச்சுருக்கு, நீர்க்கடுப்பு, வெட்டை, மேகம் என்பன நன்னாரிக்குரியனவாகக் குணபாட நூல்களிற் கூறப்படும். சென்னை மாகாணத்தில் மருத்துவப் பணிபூண்ட ஒயிட்லா எயின்சிலி என்பார் 1826-ஆம் ஆண்டில் வெளியிட்ட மருந்துநூலில், தமிழ் வைத்தியர் நன்னாரி வேரின் பொடியைப் பசுவின் பாலிற் கலந்து கல்லடைப்புக்கும் நீர்க்கடுப்புக்கும் கொடுப்பர் என்றும், சீரகத்தோடு கூட்டிக் குடிநீராக்கிக் குருதியைத் தூய்மை செய்தற்கும் பித்தத்தின் கடுமையை மாற்றுதற்கும் வழங்குவர் என்றும் குறித்துள்ளார். அயலவர் ஒருவர் கண்டெழுதிய அக்குறிப்பு, அக்காலத் தமிழ் மருத்துவர் நன்னாரியை எவ்வெவற்றிற்குக் கையாண்டனர் என்பதற்கு நல்ல சான்றாம். நீரும் பித்தமும் பற்றிய நோய்களே அவற்றுள் முதன்மையானவை.

முதல் திரிபு

அங்ஙனமாயின் நன்னாரி மேனாட்டிற் பெரும்பெயர் பெற்றது யாது காரணத்தால் எனின், அது பிறிதொரு நோயின் வரலாற்றோடு பிணைந்தது என்க. 1498-ஆம் ஆண்டில் வாசுகோடகாமா கள்ளிக்கோட்டையை அடைந்த பின்னர்ப் போர்த்துக்கேசியர் கடல்வழியே இந்நாட்டிற்கு வந்து குடியேறினர். அவரோடு, காமநோய்களுட் கொடியதாகிய ஒரு புண்ணோயும் இந்நாட்டிற் பரவிற்று. பறங்கியர் வழி வந்தமையின் தமிழர் அதனைப் பறங்கிப்புண் என்றனர். பதினாறாம் நூற்றாண்டினராகிய பாவமிசிரர் தம் பாவப்பிரகாசத்தில் அதனைப் பிரங்க நோய் எனப் பெயரிட்டுக் கூறினர். அந்நோய்க்குச் சீனத்தினின்றும் ஒரு கிழங்கு வந்தது. கோவாவில் வாழ்ந்த கார்சியா தா ஓர்த்தா என்னும் போர்த்துக்கேசிய மருத்துவர் 1563-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அக்கிழங்கைப் பற்றி விரிவாக எழுதினர். தமிழர் அதற்கு இட்ட பெயர் பறங்கிப்பட்டை. நோய்க்கும் பறங்கியர் பெயர், மருந்துக்கும் பறங்கியர் பெயர்!

அந்நோய்க்கே அமெரிக்க நாடுகளினின்றும் ஐரோப்பாவிற்குச் சென்ற வேர் சார்சபரில்லா எனப்படுவது. அது பறங்கிப்பட்டையின் இனத்தைச் சேர்ந்த முட்கொடியின் வேர். இரசச் சரக்கின் கொடுமைக்கு அஞ்சிய மக்கள் அவ்வேரைக் குருதி தூய்மை செய்யும் அருமருந்தாகப் போற்றினர். விலையோ மிகுதி; வழியோ நெடிது. இந்தியாவிற்கு வந்த ஐரோப்பிய மருத்துவர், தமிழ் மருத்துவரும் வங்க மருத்துவரும் குருதி தூய்மைக்கென வழங்கிய நன்னாரி வேரைக் கண்டனர். அது மெலிந்து நீண்டு சார்சபரில்லாவைப் போன்றே தோன்றிற்று. உடனே அதற்கு நாட்டுச் சார்சபரில்லா என்னும் பெயர் சூட்டப்பெற்றது.

இஃது உருவ ஒப்புமையும் பயன் ஒப்புமையும் பற்றி எழுந்த திரிபு. சார்சபரில்லா ஒரு குலம். நன்னாரி எருக்கின் குலத்தைச் சார்ந்த வேறொரு குலம். மேனாட்டுச் செடிநூலார்க்கு இவ்வேறுபாடு தெரியாமலில்லை. 1753-ஆம் ஆண்டிலேயே லின்னேயசு என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் நன்னாரியைத் தனியே பெயரிட்டு வகைப்படுத்தினர். இந்தியாவிற் பணிபூண்ட ராக்சுபரோ என்பார் பொய்ச் சார்சா என்னும் பொருள்பட இதற்குப் பெயரிட்டார். பின்னர் இராபர்ட்டு பிரௌன் என்பார் 1810-ஆம் ஆண்டளவில் ஹெமிடெஸ்மஸ் என்னும் புதிய குடியை அமைத்தார். பாதிப் பிணிப்பு என்பது அச்சொல்லின் பொருள். மலரின் மகரந்தத் தாள்கள் அடியிற் கூடியும் மேலே பிரிந்தும் நிற்றல் நோக்கி இட்ட பெயர் அது. செடிநூலார் இங்ஙனம் தெளிந்தும், மருந்து வணிகரும் மருத்துவரும் பழைய பெயரை விடவில்லை. பெயரோடு எதிர்பார்ப்பும் ஒட்டிக்கொண்டது. மேகம் என்னுஞ் சொல் தமிழ் மருத்துவ நூல்களிற் பல்வேறு நோய்களைத் தழுவி நிற்கும் அகன்ற சொல்; நீரிழிவும் அதனுள் அடங்கும். அதனைப் பறங்கிப்புண் என்னும் ஒரு நோயாகக் குறுக்கி, அந்நோய் தீர்ப்பதொன்றே நன்னாரியின் தொழிலென எண்ணியது இத்திரிபின் விளைவு.

இரண்டாந் திரிபு

1831-ஆம் ஆண்டில் ஆசுபர்னர் என்னும் ஆங்கில மருத்துவர் நன்னாரி வேரை இலண்டன் மருத்துவர்க்கு எடுத்துரைத்தனர். அதன்பின் அவ்வேர் கப்பலேறிச் சென்றது. 1837-ஆம் ஆண்டிற் கார்டன் என்பார் அவ்வேரினின்றும் ஆவியாகும் இயல்புடைய ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். வேதிமுறையால் நன்னாரியை ஆராயும் முயற்சிகளுள் அது முற்பட்டது. ஆயினும் தம் கையிலிருந்தது ஸ்மைலாக்ஸ் ஆஸ்பெரா என்னும் முட்கொடியின் வேரென அவர் கருதினமையால், தாம் கண்ட பொருளுக்கு ஸ்மைலாஸ்பெரிக அமிலம் எனப் பெயரிட்டார். ஆராய்ச்சி மெய்; ஆராயப்பட்ட பொருளின் பெயர் பொய். உலைக்களத்தில் எத்துணை நுட்பமாகச் செய்யினும், உலையிலிட்டது யாதென அறியாதவழி முடிவு வேறொன்றன் தலையிற் சென்று ஏறும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

ஆயினும் நன்னாரியின் செல்வாக்கு வளர்ந்தே வந்தது. 1864-ஆம் ஆண்டில் முதன்முதல் வெளிவந்த பிரிட்டிஷ் பார்மகோப்பியா என்னும் அரசியல் மருந்துநூல் நன்னாரி வேரையும் நன்னாரி மணப்பாகையும் ஏற்றுக்கொண்டது. வேரிங் என்பார் பதிப்பித்து 1868-ஆம் ஆண்டில் வெளிவந்த இந்திய மருந்துநூலிலும் அஃது இடம்பெற்றது. பிரிட்டிஷ் மருந்துநூல் கூறிய மணப்பாகின் முறை கருதத்தக்கது. இடித்த வேர் 4 அவுன்சு. கொதிநீர் 20 அவுன்சு. சர்க்கரை 28 அவுன்சு. வேரைக் கொதிநீரிலிட்டு, மூடிய கலத்தில் நான்கு மணி நேரம் ஊறவிட்டு, வடிகட்டிய பின்னர்ச் சர்க்கரை சேர்த்தல் வேண்டும். வேரை அடுப்பிலேற்றிக் கொதிக்கவிடல் ஆகாது; கொதித்தால் மணப்பொருள் ஆவியோடு போய்விடும். தமிழ்நாட்டு இல்லங்களில் வேரை நசுக்கி மூடிய கலத்தில் இரவெல்லாம் ஊறவைக்கும் வழக்கமும் இக்காரணம் பற்றியதே. நூலறிவும் இல்லறிவும் இங்கே ஒன்றுபட்டமை காண்க.

இத்துணை ஏற்றம் பெற்ற வேர் மேனாட்டில் நிலைபெறவில்லை. 1874-ஆம் ஆண்டில் புளூக்கிகரும் ஆன்பரியும் வெளியிட்ட மருந்துப்பொருள் வரலாற்று நூல், இங்கிலாந்தில் இவ்வேரைக் கையாள்வார் அரியர் எனக் குறிக்கின்றது. காலப்போக்கில் பிரிட்டிஷ் மருந்துநூலினின்றும் அது நீங்கிற்று. 1910-ஆம் ஆண்டிற் சால்வர்சான் என்னும் மருந்தும், 1943-ஆம் ஆண்டிற் பெனிசிலினும் பறங்கிப்புண்ணைத் தீர்க்க வந்தபின், சார்சபரில்லாவைக் கேட்பார் இலராயினர். அதன் பெயரைத் தாங்கிய நன்னாரியும் அதனோடு தள்ளப்பட்டது. பிறன் கடனுக்குப் பிணையாய் நின்றவன், அவன் வீழ்ந்தபோது தானும் வீழ்ந்தவாறு போலும் இது. தனக்குரிய தொழிலில் நன்னாரி தோற்றதன்று. தனக்கென வகுக்கப்படாத தொழிலில் வைத்து அளக்கப்பட்டுத் தோற்றது.

மூன்றாந் திரிபு

முதல் இரண்டு திரிபும் அயலவரால் நிகழ்ந்தன. மூன்றாவது நம்மவரால் நிகழ்வது, இன்றும் நிகழ்ந்துகொண்டிருப்பது.

திருவண்ணாமலைக்கு வடமேற்கே சவ்வாது மலைத்தொடர் உள்ளது. அதன்கண்ணும் கிழக்குத் தொடர்ச்சி மலையின் பிற பகுதிகளிலும் மாகாளி என்னும் ஒரு வலிய கொடி வளர்கின்றது. 1834-ஆம் ஆண்டில் வைட்டு, ஆர்னாட்டு என்னும் இருவர் டெகலபிஸ் ஹாமில்டோனி என அதற்குச் செடிநூற் பெயர் இட்டனர். அதன் வேர் கிழங்குபோற் பருத்துச் சதைப்பற்றுடன் கொத்துக்கொத்தாக விளையும். தமிழ்நாட்டு இல்லங்களில் அதனை நறுக்கி, நடுநரம்பை நீக்கி, எலுமிச்சைச் சாற்றிலோ மோரிலோ ஊறுகாயிடுவர். பசியைத் தூண்டும் நல்லுணவு அது. தெலுங்கர் அதனை மாரேடு கொம்மு என்பர். நன்னாரிக் கொம்பு எனவும் வழங்குவர். உண்மை நன்னாரிக்கோ அவர் வழங்கும் பெயர் சுகந்திபாலை.

மாகாளி வேரின் மணம் நன்னாரியின் மணமே; ஒருபடி மிகுதியெனவுங் கூறலாம். ஒரு கொடியைத் தோண்டிய அளவில் நன்னாரியிற் கிடைப்பதினும் பன்மடங்கு எடை கிடைக்கும். ஆகவே அங்காடியில் நன்னாரி என்னும் பெயரோடு மாகாளி வேர் புகுந்தது. மணப்பாகு காய்ச்சுவார்க்கு அதுவே எளிது. வாங்குவான் வேரை முகர்ந்து பார்த்து, மணம் உண்டு, ஆகலின் இது நன்னாரி எனத் துணிவான்.

இவ்வனுமானத்தின் குற்றத்தை அளவை நூல் கற்றார் எளிதில் உணர்வர். ஏது என்பது துணிபொருள் உள்ள இடத்து இருத்தலேயன்றி, அஃது இல்லாத இடத்து இல்லாமையும் வேண்டும். அடுக்களையில் நெருப்போடு புகை உண்டு. மடுவில் நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. அதனாற் புகை நல்லேதுவாயிற்று. நன்னாரி மணமோ நன்னாரியிலும் உண்டு, மாகாளியிலும் உண்டு. ஆப்பிரிக்க நாட்டார் மருந்தாகக் கொள்ளும் மோண்டியா என்னும் கொடியின் வேரிலும் உண்டு. ஆதலின் மணம் ஒன்றே நன்னாரியைச் சாதித்தற்கு ஏதுவாகாது. அது நெறிதவறிய ஏதுப்போலி. இக்கால வேதிநூலும் இதனை வலியுறுத்துகின்றது. மணத்திற்குக் காரணமான பொருள் 2-ஹைட்ராக்ஸி-4-மெத்தாக்ஸி பென்சால்டிஹைடு எனப்படும். வெனிலாக் காயின் மணப்பொருளாகிய வனிலினோடு அணுவளவில் ஒத்து, அணுக்கள் அமைந்த முறையால் வேறுபட்டது இது. இம்மூன்று வேரிலும் இதுவே முதன்மையான மணப்பொருள்.

அற்றேல், மணப்பொருள் ஒன்றாயின் மருந்தும் ஒன்றேயன்றோ எனின், அற்றன்று. ஒரு வேரின் பயன் மணப்பொருள் ஒன்றனால் மட்டும் அமைவதன்று. மணமற்ற பொருள்கள் பலவும் அதன்கண் உள்ளன. அவை இரண்டு வேரிலும் ஒருதன்மைய அல்ல. மாகாளி தீயதன்று, அதனை மாகாளி எனச் சொல்லி விற்றலிற் குற்றம் யாதும் இல்லை. ஒரு மருத்துவன் நூல் கூறியவாறு நன்னாரியைக் குறித்துக்கொடுக்க, நோயாளன் வேறொன்றை உண்டு குணம் பெறானாயின், பழி நூலுக்குச் செல்லும். குணம் பெற்றானாயின், புகழ் உரிய வேருக்குச் செல்லாது. இருவழியும் அறிவு வளராது.

இதனை அறிந்துகொள்ளும் வழி அரிதன்று. வேர் கம்பிபோல் மெலிந்து, கருங்கபிலப் பட்டையிற் குறுக்கு வெடிப்புக்கள் உடையதாயின் நன்னாரி. பருத்துச் சதைப்பற்றுடையதாயின் மாகாளி. கொடியோடு காணப்பெறின் ஐயமே இல்லை. மாகாளியின் இலை அகன்று தடித்துப் பளபளப்பது. நன்னாரியின் இலை மெலிந்து வெள்வரி தாங்கியது. காட்டில் வேர் தோண்டும் இருளரும் மலையாளிகளும் இலையைக் கண்டபின்னரே வேரைத் தோண்டுவராகலின், அவர்க்கு இத்திரிபு நிகழ்வதில்லை. இலையைக் காணாது வேரை மட்டும் காணும் வணிகனுக்கும், வேரையுங் காணாது பாகை மட்டும் காணும் நுகர்வோனுக்குமே அது நிகழ்கின்றது.

இக்கால ஆராய்ச்சி

நன்னாரி வேரினை இக்காலத்தார் எலி முதலிய உயிர்களிடத்தும் ஆய்வுக்கலங்களிலும் வைத்துப் பலவாறு ஆராய்ந்துள்ளனர். வீக்கந் தணித்தல், ஈரலைக் காத்தல், நுண்கிருமிகளின் வளர்ச்சியைத் தடுத்தல் முதலிய இயல்புகள் அவ்வாய்வுகளிற் காணப்பட்டன. 1994-ஆம் ஆண்டிற் கல்கத்தா ஆராய்ச்சியாளர், விரியன் நஞ்சின் சில தீங்குகளைத் தடுக்கும் ஒரு பொருளை இவ்வேரினின்றும் பிரித்தெடுத்தமையை வெளியிட்டனர். நன்னாரி பாம்புக்கடிக்கு ஆகும் என்னும் நாட்டு வழக்கிற்கு அஃது ஒருவாற்றான் துணைசெய்வதே. ஆயினும் எலியிடத்துக் கண்டது மக்களிடத்தும் ஆகும் எனத் துணிதல் நான்காவது திரிபாய் முடியும். பாம்பு கடித்தவர்க்கு உயிர்காக்கும் மருந்து நச்சுமுறி ஊசியே. வேரைத் தேடிக் காலங்கழித்தல் உயிருக்கு இறுதியாம். அந்நச்சுமுறி செய்தற்கு வேண்டும் நஞ்சினை, 1978-ஆம் ஆண்டில் மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் நிறுவப்பெற்ற இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் பாம்புகளைப் பிடித்து எடுத்துதவி வந்துள்ளனர். வேரறிவிற் சிறந்த மரபினரே ஊசிமருந்திற்கும் துணைநிற்றலை நோக்கின், மூலிகையும் புதுமருந்தும் ஒன்றற்கொன்று பகையல்ல என்பது விளங்கும்.

இரமணாசிரமத்தில் நிகழ்ந்ததொன்றும் ஈண்டு நினைக்கத்தக்கது. 1949-ஆம் ஆண்டில் இரமண முனிவரின் இடக்கையில் எழுந்த புற்றுக்கட்டியை மேனாட்டு முறை கற்ற மருத்துவர் நான்கு முறை அறுத்து அகற்றினர். நாட்டு மருத்துவரும் பிற முறையினரும் தத்தம் மருந்துகளை இட்டனர். ஒன்றாலும் அந்நோய் நீங்காது, 1950-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் அவர் உடல் நீத்தனர். மருந்து மலையின் அடிவாரத்திலேயே கத்திக்கும் மூலிகைக்கும் எல்லை உண்டு என்பது அன்று வெளிப்பட்டது. எல்லையை ஒப்புக்கொள்ளுதல் எந்த மருத்துவ முறைக்கும் இழிவாகாது.

நன்னாரியின் எல்லை யாதெனின், நூலோர் முதன்மையாகக் கூறியதே என்க. வெயிற்காலத்து நீர்வேட்கைக்கும், உடலெரிவுக்கும், சிறுநீர் குறைந்து கடுத்தற்கும் வேர் ஊறிய நீர் இதமான துணையாம். கடுத்தலோடு சுரமோ குருதியோ தோன்றின் மருத்துவரை நாடுதல் கடன். நீரிழிவுக்கு நன்னாரி நன்று என்னுங் குணபாட உரையை மேற்கொண்டு, அந்நோயுடையார் மணப்பாகினைப் பருகுதல் பெரும்பிழை. முற்கூறிய முறையில் 20 அவுன்சு நீருக்கு 28 அவுன்சு சர்க்கரை சேர்ந்துள்ளமையை மறத்தலாகாது. நூல் புகழ்ந்தது வேரை, பாகையன்று.

வேரற்றுப் போதல்

இலையை மருந்தாகக் கொள்ளின் செடி மீண்டுந் தளிர்க்கும். கனியைக் கொள்ளின் செடி நிற்கும். வேரைக் கொள்ளின் செடியே போம். வேர்மருந்துகள் அனைத்திற்கும் உரிய இடர் இது. மாகாளிக் கொடி காய்த்து விதை சிந்துமுன்னரே தோண்டப்படுதலின், அது பல மலைகளில் அரிதாகி, இன்று அழிவை நோக்கும் இனங்களின் வரிசையில் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தால் வைக்கப்பட்டுள்ளது. நன்னாரி என்னும் பெயரால் விற்கப்பட்டமையின், மாகாளி குறைதலைப் பலர் அறிந்திலர். பெயர்த் திரிபினால் மருந்துக்கு வந்த கேட்டினும், கொடிக்கு வந்த கேடு பெரிது. ஒன்றன் பெயரால் மற்றொன்று அழியுங்கால், அழிந்ததற்கு இரங்குவார் யாவர்?

1993-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகிய நாடுகளின் காடுகளில் மூலிகைகளை நின்ற இடத்திலேயே காத்தற்கெனத் தனியிடங்கள் வகுக்கப்பட்டன. அண்ணாமலையிலோ, விறகிற்கு வெட்டியும் கோடைதோறும் தீப்பற்றியும் மரமற்றுக் கிடந்த சாரல்களில் 1980-களின் இறுதி தொடங்கி அன்பர் பலர் மரம் நட்டு வளர்த்து வருகின்றனர். மரநிழலும் புதரும் மீளுமிடத்தே அவற்றைப் பற்றிப் படரும் நன்னாரி போன்ற கொடிகளும் மீளும். வேர் கொள்வார் கொடி முழுதையும் அகழாது, ஒரு பகுதியை மண்ணிலேயே விட்டு மூடிச் செல்லின் அது மீண்டும் துளிர்க்கும். விதை சிந்திய பின்னர்த் தோண்டுதலும், தோட்டத்திற் பயிரிட்டதை விலைகொடுத்து வாங்குதலும் அதனினும் நன்று.

கிரிவலம் வருவான் ஒருவன் வழியில் ஒரு குவளை நன்னாரி நீரைப் பருகுதற்கு முன்னர், இஃது எந்த வேர் என ஒருமுறை வினவுவானாக. வினவுவார் பலராயின் விற்பாரும் அறிந்து விற்பர். அறிந்து விற்பார் மாகாளியை மாகாளியென்றும், நன்னாரியை நன்னாரியென்றும், செயற்கை மணத்தைச் செயற்கையென்றும் சொல்லி விற்பர். முந்நூறு நானூறு ஆண்டுகளாக ஒரு வேரின்மேற் படிந்த திரிபு நீங்குதற்கு அவ்வொரு வினாவே தொடக்கமாம். ஐயம் குற்றமேயாயினும், திரிபை நீக்கி மெய்க்காட்சிக்கு வழிகாட்டுதலின், ஈண்டு அது மருந்தாய் நிற்கும் என்க.